வீட்டில் கார் சார்ஜர்: மானியம் கைவிட்டுப் போகாமல் வாங்குவதும் பொருத்துவதும்

மின்சாரக் காருக்கு முன்பணம் கட்டிய கையோடு சார்ஜரையும் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிடுகிறவர்கள் நிறையப் பேர். பெட்டி வீட்டில் வந்து இறங்கிய பிறகுதான் எலக்ட்ரீஷியனைத் தேடுவார்கள். அவர் மெயின் பாக்ஸைத் திறந்து பார்த்துவிட்டு "இந்த லோடு தாங்காதுங்க" என்பார். மானியம் கொடுக்கும் அலுவலகம், ஒப்புதலுக்கு முன்னால் வாங்கியதற்குப் பணம் கிடையாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிவிடும். இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான், வரிசை தலைகீழாகிவிட்டது. முதலில் வீட்டின் மின் இணைப்பைப் பாருங்கள். அடுத்து மானிய விதி, அதன்பின் கொட்டேஷன், பிறகு ஒப்புதல் கடிதம். இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெட்டி வாங்க வேண்டும்.

கீழே வரும் கணக்குகள் 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸ், 400 வோல்ட் த்ரீ ஃபேஸ் உள்ள நாடுகளுக்கானவை.

எத்தனை கிலோவாட் போதும்

சுவரில் மாட்டும் பெட்டியைச் சார்ஜர் என்று சொல்கிறோமே தவிர, உண்மையான சார்ஜர் காருக்குள் இருக்கிறது. வீட்டு ஏசி (மாறுதிசை) மின்சாரத்தை டிசியாக (நேர்திசை) மாற்றி பேட்டரிக்குக் கொடுப்பது அந்த ஆன்போர்டு சார்ஜர்தான். சுவர்ப் பெட்டியின் வேலை, "இத்தனை ஆம்பியர் வரை இழுத்துக்கொள்" என்று காருக்குச் சொல்வதும், ஏதாவது பிசகினால் இணைப்பைத் துண்டிப்பதும். ஆகவே காரின் ஆன்போர்டு சார்ஜர் 7.2 கிலோவாட் என்றால், 22 கிலோவாட் பெட்டி வாங்கி மாட்டினாலும் 7.2 தான் ஏறும். மிச்சக் காசு தண்டம்.

சிங்கிள் ஃபேஸில் 16 ஆம்பியர் என்றால் 3.7 கிலோவாட், 32 ஆம்பியர் என்றால் 7.4. த்ரீ ஃபேஸில் 16 ஆம்பியருக்கு 11 கிலோவாட், 32 ஆம்பியருக்கு 22. ஒரு விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். 11 கிலோவாட் ஏற்றும் கார் என்றால் ஃபேஸுக்கு 16 ஆம்பியர் வீதம் மூன்று ஃபேஸிலும் இழுக்கும் கார் என்று பொருள். அதைச் சிங்கிள் ஃபேஸ் வீட்டில் செருகினால் சில கார்கள் 7.4 வரை எடுக்கும், சில 3.7-லேயே நின்றுவிடும். விளம்பரத் தாளில் இது இருக்காது. காரின் கையேட்டில் "சிங்கிள் ஃபேஸில் அதிகபட்ச ஆம்பியர்" என்ற வரியைத் தேடிப் பாருங்கள்.

உங்கள் தேவை தினசரி ஓட்டத்தைப் பொறுத்தது. கிலோமீட்டருக்கு 0.16 யூனிட் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 50 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 8 யூனிட். சார்ஜ் ஏறும்போது வீணாகும் பங்கையும் சேர்த்தால் 9. அது 3.7 கிலோவாட்டில் இரண்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். தினமும் 200 கிலோமீட்டர் ஓடும் காருக்கு 35 யூனிட் வேண்டும். 3.7-இல் ஒன்பதரை மணி நேரம் ஆகும், 7.4-இல் ஐந்து மணி நேரத்துக்குள் முடியும். நள்ளிரவில் சில மணி நேரம் மட்டும் மலிவுக் கட்டணம் தரும் இணைப்பு என்றால் 7.4 வாங்குவதில் அர்த்தம் இருக்கிறது. மற்றபடி, 16 ஆம்பியர் போதாது என்று சொல்லி 22 கிலோவாட் பெட்டியைத் தலையில் கட்டப் பார்க்கும் விற்பனையாளரிடம் உங்கள் கிலோமீட்டர் கணக்கை எடுத்து வையுங்கள்.

மெயின் பாக்ஸ் என்ன சொல்கிறது

மின் கட்டண பில்லில் அனுமதிக்கப்பட்ட லோடு இருக்கும். மீட்டருக்குப் பக்கத்து ஃபியூஸிலோ மெயின் சுவிட்சிலோ ஆம்பியர் எண் அச்சிட்டிருக்கும். இரண்டையும் குறித்துக்கொண்டு, ஒரே நேரத்தில் ஓடக்கூடிய பெரிய சாமான்களைக் கூட்டுங்கள். இரண்டு ஏர்கண்டிஷனர் 3.2 கிலோவாட், வாட்டர் ஹீட்டர் 2, இண்டக்ஷன் அடுப்பு 2, மற்றவை 1 என்றால் மொத்தம் 8.2 கிலோவாட். அது ஏறத்தாழ 36 ஆம்பியர். இதோடு காரின் 32 சேர்ந்தால் 68. மெயின் ஃபியூஸ் 63 என்றால் தாங்காது.

வாட்டர் ஹீட்டர் இருபது நிமிடத்தில் அணைந்துவிடும். கார் அப்படியில்லை, முழு ஆம்பியரை மணிக்கணக்கில் விடாமல் இழுக்கும். "எல்லாம் ஒரே சமயத்தில் ஓடாது" என்ற வழக்கமான சமாதானம் இதற்குச் செல்லாது.

லோடு பற்றாவிட்டால் மூன்று வழிகள் உண்டு. மின் நிறுவனத்திடம் லோடை உயர்த்தக் கேட்கலாம். இதற்கு நாள் பிடிக்கும், சில இடங்களில் வீதியிலிருந்து வரும் கேபிளையே மாற்ற வேண்டியிருக்கும். அல்லது பெட்டியின் உச்ச ஆம்பியரை 16-ஆகவோ 20-ஆகவோ குறைத்துப் பூட்டிவிடலாம். ஏறக்குறைய எல்லாப் பெட்டியிலும் அதற்கு உள்ளே சின்ன சுவிட்சோ, பொருத்துபவருக்கான ஆப் செட்டிங்கோ உண்டு. மூன்றாவது வழி லோடு மேனேஜ்மென்ட். மெயின் வயரில் ஒரு சிடி கிளாம்பை (வயரில் ஓடும் ஆம்பியரை அளக்கும் கவ்வி) மாட்டினால், வீடு எவ்வளவு இழுக்கிறது என்று பெட்டி பார்த்துக்கொண்டே இருந்து மிச்சத்தை மட்டும் காருக்கு விடும். பெரும்பாலான வீடுகளுக்கு மூன்றாவதுதான் சிக்கனமான தீர்வு. ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். சார்ஜிங் தரநிலைப்படி 6 ஆம்பியருக்குக் கீழே காருக்குச் சொல்ல வழியில்லை. மிச்சம் 6-க்குக் கீழே போனால் சார்ஜ் நின்றுவிடும், வீட்டு லோடு இறங்கிய பிறகுதான் மறுபடி தொடங்கும்.

மானியம்: எங்கே வழுக்கும்

மானியத் திட்டங்கள் நாட்டுக்கு நாடு வேறு. அவை மாறிக்கொண்டே இருப்பவையும்கூட. பிரிட்டனில் தனி வீட்டில் குடியிருக்கும் சொந்தக்காரர்களுக்கான சார்ஜர் மானியம் 2022 மார்ச்சோடு முடிந்தது. அதன்பின் வாடகைக்காரர்கள், அடுக்குமாடி வீட்டுக்காரர்கள் பக்கம் திட்டம் திரும்பியது. ஜெர்மனியில் அரசு வங்கியான கேஎஃப்டபிள்யூ 2023 செப்டம்பர் 26 அன்று சோலார், பேட்டரி, சார்ஜர் மூன்றும் சேர்ந்த ஒரு திட்டத்தைத் திறந்தது. ஒதுக்கிய 300 மில்லியன் யூரோ ஒரே நாளில் தீர்ந்துபோனது. அமெரிக்காவில் இது வரிச்சலுகையாகத் தரப்பட்டது. 2023 முதல் குறிப்பிட்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்புப் பகுதிகளில் இருக்கும் வீடுகளுக்கு மட்டும் என்று அதைச் சுருக்கினார்கள், 2026 ஜூன் 30-க்குப் பின் பொருத்துவதற்கு அதுவும் கிடையாது என்று 2025-இல் சட்டம் போட்டார்கள். எனவே பக்கத்து வீட்டுக்காரர் போன வருடம் வாங்கினார் என்பதை நம்பி இறங்காதீர்கள். இன்றைய விதியை அரசின் தளத்திலேயே படியுங்கள்.

விதிகள் எத்தனை விதமாக இருந்தாலும் விண்ணப்பங்கள் நிராகரிக்கப்படும் காரணங்கள் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருக்கின்றன.

முதலாவது தேதி. ஒப்புதல் கடிதத்தின் தேதிக்கு முன்னால் பில் போட்டிருந்தால் அவ்வளவுதான். அயர்லாந்தின் எரிசக்தி ஆணையமான எஸ்இஏஐ போன்ற அமைப்புகள் ஒப்புதல் வருமுன் வேலை தொடங்கக் கூடாது என்றே சொல்லியிருக்கின்றன. முன்பணம் கொடுப்பதைக்கூடச் சில திட்டங்கள் வாங்கியதாகவே கணக்கிடும். முடிக்கவேண்டிய கடைசித் தேதியும் கடிதத்தில் இருக்கும். லோடு உயர்த்த விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கும்போது அந்தத் தேதி ஓசையில்லாமல் கடந்துவிடும்.

இரண்டாவது மாடல். அங்கீகரித்த பட்டியலில் பெட்டியின் பெயர் இருந்தால் போதாது, மாடல் எண்ணின் கடைசி எழுத்து வரை ஒத்துப்போக வேண்டும். ஒரே பெட்டி கேபிளுடன் ஒரு எண்ணிலும், சாக்கெட் மட்டும் உள்ளதாக இன்னொரு எண்ணிலும் வரும். ஒன்று பட்டியலில் இருக்கும், மற்றது இருக்காது. திறனும் நிபந்தனையாகலாம். அதே ஜெர்மன் வங்கியின் முந்தைய திட்டத்தில் 11 கிலோவாட் என்பது விதி. 22 கிலோவாட் பெட்டி வைத்தவர்கள் அதை 11-க்குக் கட்டுப்படுத்த வேண்டியிருந்தது.

மூன்றாவது பெயர். விண்ணப்பம், மின் இணைப்பு, கார் பதிவு, பில், வங்கிக் கணக்கு ஆகிய ஐந்திலும் வேறு வேறு பெயர் இருந்தால் கேள்வி வரும். மின் இணைப்பு அப்பா பெயரிலும் கார் மகள் பெயரிலும் இருப்பது நம் குடும்பங்களில் சகஜம். பெயர் மாற்றமா, குடும்பத்தாரின் சம்மதக் கடிதமா, எது தேவை என்று விண்ணப்பிக்கும் முன்பே கேட்டு முடித்துவிடுங்கள். வாடகை வீடு என்றால் உரிமையாளரின் எழுத்து ஒப்புதலும், அடுக்குமாடி என்றால் சங்கத்தின் தடையில்லாக் கடிதமும் வேண்டும். அந்தக் கடிதத்தில் பார்க்கிங் எண்ணும், மீட்டரிலிருந்து கேபிள் போகும் வழியும் இருக்கட்டும். வழியை எழுதாமல் வாங்கிய கடிதம், பொது இடத்துச் சுவரில் துளை போடும் நாளில் சண்டையில் முடியும்.

நான்காவது படம். சுவரில் எதுவும் மாட்டாத நிலையில் ஒரு படம், மாட்டிய பின் பார்க்கிங் இடமும் பெட்டியும் சேர்ந்து தெரிய ஒன்று, சீரியல் எண் தெளிவாகத் தெரிய ஒன்று, மெயின் பாக்ஸின் உள்புறம் ஒன்று. திட்டம் கேட்காவிட்டாலும் எடுத்து வையுங்கள். முதல் படத்தைப் பிறகு எடுக்க முடியாது. சீரியல் எண் ஸ்டிக்கரைச் சில பெட்டிகளில் பின்புறமோ அடியிலோ ஒட்டியிருப்பார்கள். சுவரில் ஏற்றிவிட்டால் அதுவும் போச்சு.

தொகை விஷயத்தில் "செலவில் இத்தனை சதவீதம், அல்லது உச்சவரம்பு, எது குறைவோ அது" என்ற வாசகம் சாதாரணம். செலவு 100, மானியம் 75 சதவீதம், உச்சவரம்பு 30 என்றால் கைக்கு வருவது 30. மெயின் பாக்ஸ் மாற்றுவது, லோடு உயர்த்துவது, தரையைத் தோண்டுவது போன்றவை பல திட்டங்களில் கணக்கில் சேராது. ஆகவே கொட்டேஷனில் பெட்டி, கேபிள், பாதுகாப்புச் சாதனங்கள், கூலி, லோடு வேலை எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். "எல்லாம் சேர்த்து" என்று ஒரே தொகை போட்டுத் தருகிறவரிடம் வாங்கினால் மானிய அலுவலகத்தில் மாட்டிக்கொள்வீர்கள். குறைந்தது இரண்டு கொட்டேஷனாவது வாங்குங்கள். மானியம் இல்லையென்றால் என்ன விலை என்றும் கேளுங்கள். மானியம் உண்டு என்றதும் விலை ஏறினால், அந்த மானியம் உங்களுக்கு அல்ல, அவருக்கு. பணத்தை ரொக்கமாகக் கொடுக்க வேண்டாம். உங்கள் கணக்கிலிருந்து போன வங்கிப் பதிவுதான் ஆதாரம்.

பெட்டியும் இடமும்

கேபிளுடன் வரும் பெட்டி அன்றாடத்துக்கு வசதி. வீட்டில் வெவ்வேறு பிளக் உள்ள இரண்டு கார் நிற்கும் என்றால் சாக்கெட் பெட்டி நல்லது. கேபிள் 5 மீட்டரா, 7.5 மீட்டரா என்று முடிவெடுக்க, காரை வழக்கமாக நிறுத்துவதுபோல் நிறுத்திவிட்டு, சார்ஜ் வாயிலிருந்து சுவர் வரை ஒரு கயிறு போட்டு அளந்து பாருங்கள். தரையைத் தொட்டு வளைந்து வர வேண்டும், விறைப்பாக நிற்கக் கூடாது. அடுத்த காரின் சார்ஜ் வாய் எதிர்ப்பக்கம் இருக்கலாம் என்பதையும் யோசியுங்கள்.

இடுப்பு உயரத்துக்கும் மார்பு உயரத்துக்கும் நடுவில் பெட்டி வருவது வசதி. வெள்ளம் தேங்கும் இடமென்றால் போன மழையின் தண்ணீர்க் கோட்டுக்கு நன்றாக மேலே. மழைக்குத் தாங்கும் ஐபி54 பெட்டிகூட நேர் வெயிலில் திணறும். உள்சூடு ஏறினால் தானே ஆம்பியரைக் குறைத்துக்கொள்ளும். கேபிள் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும், நுழையும் இடத்தில் கிளாண்டு (கேபிளைச் சுற்றி அடைக்கும் வளையம்) இறுக்கமாக இருக்க வேண்டும். மேலிருந்து துளை போட்டு சிலிக்கான் அப்பினால் முதல் பருவமழை வரைதான். மானியத்துக்கு ஸ்மார்ட் வசதி கட்டாயம் என்றால், பெட்டி மாட்டும் இடத்தில் போனை வைத்து வைஃபை வருகிறதா என்று முன்பே பாருங்கள். நிறையப் பெட்டிகள் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையை மட்டுமே பிடிக்கும். சிக்னல் தடுமாறினால் மின் கேபிளோடு தனிக் குழாயில் ஒரு நெட்வொர்க் கேபிளையும் இழுத்துவிடலாம், அப்போது அதற்கு ஆகும் செலவு சொற்பம்.

கேபிள், பிரேக்கர், எர்த்

இந்த வேலை உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனுடையது. ஆனாலும் எதைக் கேட்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மெயின் பாக்ஸிலிருந்து பெட்டிக்குத் தனி லைன் வர வேண்டும், வழியில் வேறு எதற்கும் கிளை பிரிக்கக் கூடாது. 32 ஆம்பியருக்கு 6 சதுர மில்லிமீட்டர் செப்புக் கேபிள் என்பது வழக்கம். 20 மீட்டர் தூரத்தில் அதில் வோல்டேஜ் ஏறத்தாழ 4.7 வோல்ட் விழும், அதாவது 2 சதவீதம். 40 மீட்டர் என்றால் 9 வோல்ட்டுக்கு மேல். அங்கே 10 சதுர மில்லிமீட்டருக்குப் போனால் 5.6 வோல்ட்டாகக் குறையும். தூரம் குறைவு என்றாலும், சுவருக்குள் புதைத்த குழாயிலோ மொட்டை மாடி வெயிலிலோ கேபிள் போனால் சூடு வெளியேற வழியில்லை. அங்கேயும் 10 போடுவதுதான் சரி.

பிரேக்கர் பெரும்பாலும் 40 ஆம்பியர் வரும். 32 ஆம்பியர் எம்சிபி (வீட்டுப் பிரேக்கர்), 32 ஆம்பியரை மணிக்கணக்கில் சுமந்து, பக்கத்துப் பிரேக்கர்களின் சூடும் சேர்ந்தால் டிரிப் ஆகலாம். எந்த அளவு என்பதைப் பெட்டியின் கையேடு சொல்லும். 40 போட்டால் கேபிளும் 40-ஐத் தாங்க வேண்டும்.

மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்சிசிபிதான் அதிகம் தவறு நடக்கும் இடம். காரின் மின்னணுப் பகுதியில் பழுது வந்தால் டிசி கசிவு வரலாம். வீடுகளில் பரவலாக இருக்கும் ஏசி வகை ஆர்சிசிபி டிசி கசிவில் மரத்துப்போய்விடும். பிறகு நிஜமான ஷாக் அடிக்கும்போதும் டிரிப் ஆகாமல் போகலாம். எனவே சார்ஜர் லைனுக்கு 30 மில்லிஆம்பியர் பி வகை வேண்டும். இல்லையென்றால், பெட்டிக்குள்ளேயே 6 மில்லிஆம்பியர் டிசி கண்டறியும் வசதி இருந்து, வெளியே ஏ வகை வேண்டும். முகப்பில் உள்ள குறியைப் பார்த்தே கண்டுபிடிக்கலாம். ஏசி வகையில் ஒற்றை அலைக்கோடு மட்டும் இருக்கும். ஏ வகையில் அதன் கீழே அரைவட்ட மேடுகள் சேர்ந்திருக்கும். பி வகையில் இவற்றோடு ஒரு நேர்க்கோடும் புள்ளிக்கோடும். புது லைனை, வீட்டின் பழைய ஏசி வகை ஆர்சிசிபிக்குப் பின்னால் கொடுக்கக் கூடாது. கொடுத்தால் கார் கசியவிடும் டிசி, வீடு முழுவதற்குமான பாதுகாப்பைக் கெடுக்கும்.

எர்த் இல்லாமல் பல பெட்டிகள் சார்ஜைத் தொடங்காது. சில கார்கள் எர்த்தின் தரத்தைத் தாமே சோதித்துவிட்டுத்தான் ஏற்றும். கருவி வைத்து அளந்த ஓம் மதிப்பைச் சான்றிதழில் எழுதச் சொல்லுங்கள். "எர்த் இருக்குங்க" என்ற வாய்வார்த்தை போதாது. வீதியிலிருந்து நியூட்ரலும் எர்த்தும் ஒரே கம்பியில் வரும் இணைப்பு என்றால் கூடுதல் கவனம் தேவை. அந்தக் கம்பி வெளியே எங்காவது அறுந்தால் காரின் உடம்பிலேயே மின்சாரம் வரும், ஈரத்தரையில் நின்று கதவைத் தொடுகிறவருக்கு ஆபத்து. அதற்கு அந்தப் பழுதைக் கண்டுபிடித்து எர்த் உட்பட எல்லாக் கம்பியையும் துண்டிக்கும் பெட்டி, அல்லது சார்ஜருக்கென்று தனி எர்த் குழி வேண்டும். இடி மின்னல் அதிகமுள்ள பகுதியில் இரண்டாம் வகை (டைப் 2) சர்ஜ் ப்ரொடெக்டரும் சேர்த்துக்கொள்ளுங்கள், திடீரென எகிறும் வோல்டேஜிலிருந்து காப்பது அதுதான்.

கடைசியில் எல்லாமே ஒரு ஸ்க்ரூவில் நிற்கிறது. பெட்டிகள் கருகும்போது பார்த்தால் பெரும்பாலும் டெர்மினல் தளர்ந்திருக்கும். பல இழை வயருக்கு ஃபெரூல் (இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் உலோகக் குழல்) போட்டு நசுக்காமல் அப்படியே செருகினால், ஸ்க்ரூ நாலைந்து இழையைத்தான் பிடிக்கும். அந்த இடம் சூடாகி, இளகி, இன்னும் தளரும். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ஸ்க்ரூடிரைவரில் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்க வேண்டும். ஒரு மாதம் ஓடியபின் மெயினை அணைத்துவிட்டு இன்னொரு முறை சரிபார்க்கச் சொல்வதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.

ஒப்படைக்கும் நாள்

காரைச் செருகி விளக்கு எரிந்ததும் கிளம்ப நினைப்பவரை விடாதீர்கள். முதலில் இந்தச் சோதனைகள் நடக்க வேண்டும். இன்சுலேஷன் சோதனை, அதுவும் பெட்டியின் மின்னணுப் பகுதியைக் கழற்றி வைத்துவிட்டு 500 வோல்ட்டில். எர்த் தொடர்ச்சி. ஆர்சிசிபி டிரிப் ஆகும் நேரம், 30 மில்லிஆம்பியரில் 300 மில்லிசெகண்டுக்குள். காரைப்போல் நடிக்கும் சோதனை அடாப்டர் வைத்திருப்பவர் என்றால் வேலை தெரிந்தவர். பிறகு முழு ஆம்பியரில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, பிரேக்கரையும் பெட்டிக்குள் கேபிள் சேரும் இடத்தையும் வெப்பமானியால் பார்க்க வேண்டும். ஒரு டெர்மினல் மட்டும் பக்கத்ததைவிடத் தெளிவாகச் சூடாக இருந்தால் அது சரியாக இறுகவில்லை. சிடி கிளாம்பு மாட்டியிருந்தால், சார்ஜ் ஓடும்போதே வாட்டர் ஹீட்டரையும் அடுப்பையும் போட்டுப் பாருங்கள், ஆப்பில் ஆம்பியர் இறங்க வேண்டும். இறங்காவிட்டால் கிளாம்பின் அம்புக்குறி திரும்பியிருக்கிறது, அல்லது வேறு வயரில் மாட்டியிருக்கிறது.

சான்றிதழ், பிரித்துப்போட்ட பில், வாரண்டி, பொருத்துபவரின் உரிம எண், ஆப்பின் பாஸ்வேர்ட், இவ்வளவும் கைக்கு வந்தபின் கடைசித் தவணை கொடுங்கள். வேலை முடிந்தபின் மானியப் பணம் கேட்டு அனுப்பும் விண்ணப்பத்துக்கும் இவையே தேவை.

ஓட ஆரம்பித்தபின் வரும் தொல்லைகள்

காலையில் பார்த்தால் சார்ஜ் ஏறவே இல்லை என்பதுதான் அடிக்கடி வரும் புகார். பெட்டி பெரும்பாலும் குற்றவாளி அல்ல. காரிலும் ஒரு நேரம், பெட்டியின் ஆப்பிலும் ஒரு நேரம் குறித்திருப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகும் நேரத்தில் மட்டும்தான் கரண்ட் ஓடும். ஓரிடத்தில் மட்டும் நேரம் குறித்து, மற்றதில் "செருகியதும் தொடங்கு" என்று விட்டுவிடுங்கள். குறித்த நேரத்துக்குச் சில நிமிடம் தாமதமாகத் தொடங்கினால் அது பழுதல்ல. ஊரிலுள்ள கார்கள் எல்லாம் ஒரே நொடியில் மின்சாரம் இழுக்காமலிருக்க, பிரிட்டனில் 10 நிமிடம் வரை தற்செயல் தாமதம் வைக்கச் சட்டமே இருக்கிறது.

அரை மணி, முக்கால் மணி ஓடி டிரிப் ஆனால் சூடு, செருகிய உடனே டிரிப் ஆனால் கசிவு. முதலாவதற்கு டெர்மினலையும் பிரேக்கர் அளவையும் பாருங்கள். இரண்டாவதற்கு கன்னின் (கேபிள் நுனியில் காரில் செருகும் கைப்பிடி) முனையில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா என்று பாருங்கள், பயன்படுத்தாதபோது முனை கீழ்நோக்கி ஹோல்டரில் இருக்க வேண்டும். இன்னொரு காரைச் செருகிப் பார்த்தால் பழுது காரிலா, லைனிலா என்பது தெரிந்துவிடும். ஆர்சிசிபியைத் திரும்பத் திரும்பத் தூக்கிவிட்டு ஓட்டாதீர்கள்.

கன் காரிலிருந்து வரவில்லை என்றால் பலம் காட்ட வேண்டாம். காரை அன்லாக் செய்துவிட்டு, கன்னை லேசாக உள்ளே தள்ளி அரை நொடி பிடித்தபின் இழுங்கள். பூட்டு ஊசியின் மேல் பாரம் இருந்தால் அது விலகாது. பின்கள் பழுப்பாகியிருந்தால் அந்தக் கேபிளை மாற்றும்வரை 16 ஆம்பியரில் மட்டும் ஓட்டுங்கள். கருகியிருந்தால் அதுவும் கூடாது.